மூன்றாவது சிட்டிங்

ஜூலை 9, புதன்

தர்ஷு இன்றும் ஒரு பக்கமாகவே மென்றாள். கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்கிறாள். டார்ச் அடித்துப் பார்த்தேன். வலது கீழ்க் கடைவாயில் கறுப்பாக ஒரு குழி. மிளகு ஒன்று உள்ளே போய் உட்காரலாம், அவ்வளவு பெரிது. பால் பல்தானே, விழுந்து முளைத்துவிடும் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிவந்தது நான்தான்.

ஜூலை 12, சனி

பல் டாக்டரிடம் போனோம். அருண்பாண்டியன் என்று பெயர், சின்ன வயதுதான். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "இது பால் பல்லுன்னு யாரு சொன்னா?" என்று கேட்டார். ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலே, எல்லாவற்றுக்கும் பின்னால் முளைக்கிற பல்லாம் இது. போனால் போனதுதான், மறுபடி முளைக்காதாம். "அம்மாமார் முக்கால்வாசிப் பேரு இதுலதான் ஏமாறுவாங்க" என்றார். ஆறுதலாகச் சொன்னார் போல. எனக்கு ஆறவில்லை.

சொத்தை நரம்பு வரை போய்விட்டது. பிடுங்க வேண்டும், இல்லையென்றால் வேருக்குள் சுத்தம் செய்து அடைக்க வேண்டும். மூன்று சிட்டிங். பத்து வயதுப் பிள்ளைக்கு ரூட் கேனல்!

வீட்டுக்கு வந்து சொன்னேன். இவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படிச்சவளுக்கு பால் பல்லு எது, முளைச்ச பல்லு எதுன்னு தெரியல" என்றார். முத்துமாரி மதினி அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இவருடைய அக்கா. புருஷன் செத்ததிலிருந்து எங்களோடுதான் இருக்கிறாள், தறி வேலைக்குப் போகிறாள். எட்டாம் வகுப்புதான் படித்தவள். அவள் முன்னால் சொன்னதுதான் எனக்குக் குத்தியது. இவருக்கும் அந்தப் பிள்ளை பிள்ளைதானே? இவர் ஒரு நாளாவது அவள் வாயைத் திறந்து பார்த்திருக்கிறாரா?

ஜூலை 15, செவ்வாய்

முதல் சிட்டிங். மரத்துப்போக ஊசி போட்டதும் தர்ஷு என் விரலை இறுக்கிப் பிடித்தாள். பச்சை ரப்பர் ஷீட்டில் ஒரு துளை போட்டு, அந்தப் பல் மட்டும் வெளியே தெரிகிறபடி வாயை மூடினார்கள். அப்புறம் அவளால் பேச முடியாது. கண்ணால்தான் பேசினாள்.

தலைமுடி மாதிரி மெல்லிய கம்பி. ஃபைல் என்கிறார்கள். அதை வேருக்குள் விட்டு விட்டு எடுத்தார். கம்பி வேரின் நுனிக்குப் போனதும் ஒரு மெஷின் 'பீப்' என்றது. வேருக்குள் மூன்று குழாயாம், மூன்றும் மூன்று நீளம். நடுவில் சிரிஞ்சில் ஒரு தண்ணீர் விட்டுக் கழுவினார். பிளீச்சிங் பவுடர் வாடை. ஹைப்போகுளோரைட் என்று உடனே தெரிந்துவிட்டது. படித்ததில் உதவியது அவ்வளவுதான்.

கிளம்பும்போது, "வலி போயிடும். வலி போனா முடிஞ்சிட்டுன்னு நினைச்சிராதீங்க. உள்ள வெறும் குழாயாத்தான் இருக்கு. மேல வச்சிருக்கிறது தற்காலிக அடைப்பு. கடைசி சிட்டிங்ல நுனி வரைக்கும் அடைச்சாத்தான் பல்லு நிக்கும்" என்றார்.

ஜூலை 24, வியாழன்

இரண்டாவது சிட்டிங். மறுபடி கழுவி, உள்ளே வெள்ளை மருந்து வைத்து மூடினார். அடைப்பது ஆகஸ்ட் 7.

ஜூலை 29, செவ்வாய்

வலி இல்லை. முறுக்கு கேட்டாள். கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆகஸ்ட் 7 ஆடித்தபசு, எங்கள் அம்மன் கோயில் திருவிழா. தேதி குறித்தபோது எனக்கு ஏன் தோன்றவில்லை? இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள்தானே நான்.

கொடி ஏறின நாளிலிருந்து மதினி கோயிலுக்குள் ஆடிச்சுற்று சுற்றிக்கொண்டிருக்கிறாள். நூற்றெட்டுச் சுற்று, தர்ஷு பல்லுக்காக நேர்ந்ததாம். தபசன்று பிள்ளையும் வந்து சாமி பார்க்க வேண்டும் என்கிறாள். "டாக்டரு எங்கன போயிருவாரு? அம்மன் வருசத்துல ஒரு நாளுதாம் தபசு நிக்கா" என்றாள். இவரும், "வலிதான் போயிட்டுல்லா, ஒரு வாரத்துல என்ன ஆயிரப்போவுது?" என்றார்.

நான் சண்டை போட்டிருக்கலாம். எனக்கும் தபசு பார்க்க ஆசை. போன் செய்து 14ஆம் தேதிக்கு மாற்றினேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நேற்று தபசுக் கூட்டத்தில், பல்லில் ஒட்டி இழுக்கிற சவ்வு மிட்டாய் வாங்கிக் கொடுத்தது யார் என்று கேட்டேன். இவர்தான். "பச்சப்புள்ள கேக்குது, எப்படி இல்லேன்னு சொல்ல?" இன்று காலையில் பல் தேய்க்கும்போது அடைப்பு உதிர்ந்து வாஷ்பேசினில் விழுந்தது. சுண்ணாம்புக் கட்டி மாதிரி. பல் திறந்து கிடக்கிறது.

கிளினிக்குக்குப் போன் செய்தேன். டாக்டர் ஏதோ கான்ஃபரன்ஸாம், திங்கட்கிழமைதான் வருவாராம். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லுங்கள், வேறு எதுவும் வைக்காதீர்கள் என்றாள் அங்கே வேலை பார்க்கும் பெண்.

ஆகஸ்ட் 9, சனி

சோற்றுப் பருக்கை உள்ளே போய் மாட்டிக்கொள்கிறது. ஊக்கால் எடுக்கப் போனால் தர்ஷு கத்துகிறாள். டாக்டர் சொன்னது காதிலேயே நிற்கிறது. நுனி வரைக்கும் வெறும் குழாய். அதற்குள் என்னென்ன போகிறதோ!

மதினி கோயிலிலிருந்து புற்றுமண் கொண்டுவந்தாள். "கன்னத்துல பத்து மாதிரி போடு சுந்தரி. எந்தக் கெட்டதும் அண்டாது" என்று கையில் கொடுத்துவிட்டுத் தறிக்குப் போய்விட்டாள். கன்னத்தில் என்றுதான் சொன்னாள். எழுதி வைத்துக்கொள்கிறேன், கன்னத்தில் என்றுதான் சொன்னாள்.

நான் தண்ணீர் விட்டுக் குழைத்து, உருட்டி, தர்ஷுவை வாயைத் திறக்கச் சொல்லி, ஓட்டைக்குள் வைத்து விரலால் அழுத்தினேன்.

ஓட்டையை எதையாவது வைத்து அடைத்தால் போதும் என்று இருந்தது. அவ்வளவுதான் தோன்றியது. "மண்ணு மாதிரி இருக்கும்மா" என்றாள். "சாமி மண்ணு மக்கா, துப்பிராத" என்றேன். துப்பவில்லை. சொன்னால் கேட்கிற பிள்ளை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கன்னம் வீங்கிவிட்டது. காய்ச்சல். கடவுளே, நான் என்ன செய்து வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

எழுதத்தான் வேண்டும்.

டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார். ஊசி முனையால் கொஞ்சம் சுரண்டி எடுத்துப் பஞ்சில் வைத்தார். சிவப்பு மண். "என்னம்மா இது?"

"புத்து மண்ணு" என்றேன்.

"அம்மன் மண்ண நெத்தியில பூசுங்க, மேல பூசுங்க, நான் வேண்டாம்னு சொல்லல. எங்க வீட்டுலயும் பூசத்தான் செய்வோம். கழுவிச் சுத்தமா வச்சிருந்த வேருக்குள்ளயா வைப்பாங்க? யாரு வச்சது?"

இவர் பக்கத்தில் நின்றார். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி என்று ஆரம்பிக்கப்போகிற பார்வை.

"மதினி வச்சிட்டாங்க. நான் பாக்கல" என்றேன்.

தர்ஷு நாற்காலியில் படுத்திருந்தாள். ரப்பர் ஷீட் மாட்டிவிட்டிருந்தார்கள். பேச முடியாது. என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நான் சுவரில் இருந்த பல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சீழை வெளியேற்றி, கழுவி, மண்ணையெல்லாம் எடுத்தார். ஒரு மணி நேரம் ஆனது. "பல்லு நிக்குமா நிக்காதான்னு இப்ப சொல்லமாட்டேன். வீக்கம் வத்தட்டும். வேரு சுத்தமாச்சுன்னா அடைப்போம். இல்லேன்னா எடுக்கத்தான் செய்யணும்."

வீட்டில் இவர் வாசலிலேயே தொடங்கிவிட்டார். "யக்கா, உனக்கு அறிவிருக்கா? பிள்ள வாயில மண்ண வச்சு அடைச்சிருக்க?"

மதினி கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். நான் சொல்வேன் என்று காத்திருந்தாள். நிஜமாகவே காத்திருந்தாள். நான் தர்ஷுவுக்கு மருந்து கலக்கினேன்.

"எனக்கென்னல தெரியும், படிக்காதவ" என்றாள் மதினி. அதோடு முடிந்தது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மதினியிடம் என்ன சொல்வது? "தப்பு நடந்துபோச்சு மதினி" என்று ஆரம்பித்தேன். "பிள்ளைக்குச் சரியாகட்டும் முதல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இவரிடம் நாளைக்குச் சொல்லிவிடவேண்டும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சொல்லவில்லை. லீவு நாள், வீட்டில்தான் இருந்தார். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

வீக்கம் முழுக்க வற்றிவிட்டது. டாக்டர் உள்ளே காகிதக் குச்சி விட்டு எடுத்துப் பார்த்தார். ஈரமில்லை, வாடை இல்லை. "தப்பிச்சிட்டு" என்றார். இன்னொரு தடவை மருந்து வைத்து மூடினார். வருகிற வியாழன் அடைத்துவிடலாம். வெளியே வந்து, நிறுத்தி வைத்திருந்த பைக்கில் சாய்ந்துகொண்டு அழுதேன். தர்ஷு சும்மா நின்றாள். முன்னெல்லாம் நான் அழுதால் சேலையைப் பிடித்து இழுப்பாள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

இன்று இவர் மதினிக்குப் புதுச் சேலை வாங்கி வந்தார். என்ன விசேஷம் என்று கேட்டேன். பைக்கைத் துடைக்கப் போய்விட்டார். மதினியும் பிரித்துப் பார்க்கவில்லை, வாங்கி அலமாரியில் வைத்தாள். இரண்டு நாளாக இவர் என்னை எதற்கும் திட்டவில்லை. சாம்பாரில் உப்பு இல்லாததற்குக்கூட.

ஆகஸ்ட் 28, வியாழன்

காலையில் சேலை மாற்றிக்கொண்டு வந்தேன், டாக்டரிடம் போக. இவர் பைக் சாவியோடு நின்றார். "நீ இரு. அக்கா வருவா."

"அங்கன வச்சு ஏதாவது கேட்டா…" என்றேன்.

"தர்ஷுதான் அத்தை கூட வாரேன்னு சொல்லுதா."

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. சேலையும், திட்டாததும். பிள்ளை சொல்லிவிட்டிருக்கிறாள். எப்போது சொன்னாளோ! "என்ன சொன்னா?" என்று கேட்க வாய் வரவில்லை. மூன்று பேரும் ஒரே பைக்கில் போனார்கள். தர்ஷு நடுவில், மதினி பின்னாலிருந்து அவள் இடுப்பைப் பிடித்தபடி.

பகல் முழுக்க அடுக்களையைக் கழுவினேன்.

இரண்டு மணிக்கு வந்தார்கள். நன்றாக முடிந்ததாம். ரோஸ் நிறத்தில் குச்சி குச்சியாக ஏதோ வைத்து அடைத்தார்களாம். மதினிதான் சொன்னாள், எனக்குச் சொல்லவேண்டும் என்று அக்கறையாகச் சொன்னாள். எக்ஸ்ரேயைக் காட்டினாள். மூன்று வெள்ளைக் கோடு, மூன்றும் வேர் நுனி வரை. அடுத்து பல்லுக்கு ஒரு தொப்பி போட வேண்டும். பல் நின்றுவிட்டது.

தர்ஷு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் முகத்தைத் திருப்பினேன். "எங்க, வாயத் திற. அம்மா பாக்கேன்."

"தொறக்கக்கூடாதும்மா" என்றாள். "டாக்டர் சொல்லியிருக்காரு. நாளைக்கு வரைக்கும் யார்ட்டயும் தொறந்து காட்டக்கூடாதாம்."

எந்த டாக்டரும் அப்படிச் சொல்லமாட்டார். மதினி கதவோரம்தான் நின்றாள், அவளும் ஒன்றும் சொல்லவில்லை. தர்ஷு என் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னாள், இமைக்கக்கூட இல்லை.

"சரி மக்கா" என்றேன்.