கப்பல் நேரம்

மார்ச் 3, செவ்வாய்

நாள் முழுக்கப் பத்து மாடிக் கட்டடத்தில் லிஃப்டின் தலைமேல் உட்கார்ந்து ரோப்புக்குக் கிரீஸ் போட்டேன். வீட்டுக்கு வந்தால் வாசலில் சகலையின் கார். மச்சினியைக் கட்டிய ஒரே தகுதியில் பன்னிரண்டு வருஷமாக என் சோபாவில் கால் நீட்டுகிறவன்.

அவன் கம்பெனியில் விற்பனைக்குப் பரிசாகக் கப்பல் பயணம் கொடுத்திருக்கிறார்களாம். இரண்டு அறை. ஒன்று அவர்களுக்கு, ஒன்று எங்களுக்கு.

"நீயும் எப்பத்தான் உலகத்தைப் பார்ப்பே? மேல போவே, கீழ வருவே. ஒரு தடவை நேராப் போய்ப் பாரு" என்றான்.

என் மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஓசியில் கூட்டிப் போகிறவன் சொன்னால் சிரிக்கத்தானே வேண்டும்.

மார்ச் 8, ஞாயிறு. கப்பலில்

நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். பிறகு மறந்துபோய் மன்னித்துத் தொலைத்துவிடக் கூடாது.

மத்தியானம் எல்லோரையும் மேல்தளத்துக்கு வரச்சொல்லி, ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று பயிற்சி. ஆரஞ்சு நிறத்தில் ஒரு மிதவைச் சட்டை. போடு என்றார்கள், போட்டேன். அப்புறம் ஒரு ஆபீசர் ஏதோ சொன்னார், கூட்டம் கலைந்தது. கழற்று என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. லிஃப்ட் குழிக்குள் இடுப்பு பெல்ட்டை மாட்டினால், மேலே நிற்கிறவன் 'கழட்டு' என்று குரல் கொடுக்கும்வரை கை வைக்கக் கூடாது. இருபத்தாறு வருஷப் பழக்கம். அதனால்தான் இன்னும் எழுதிக்கொண்டிருக்க உயிரோடு இருக்கிறேன்.

மனைவிக்குத் தலைசுற்றல், அறையில் படுத்துவிட்டாள். மகளும் மச்சினியும் பிறகு வருகிறோம் என்றார்கள். நானும் சகலையும் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனோம். நான் அந்தச் சட்டையோடு. அரை மணி நேரம். இரண்டு தடவை எழுந்துபோய் வாங்கி வந்து சாப்பிட்டேன். சட்டையில் தொங்கிய விசில் சூப்பில் நனைந்தது, துடைத்துக்கொண்டேன். சுற்றிலும் எல்லோரும் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். நல்ல மனிதர்கள் என்று நினைத்து நானும் தலையாட்டினேன்.

எதிரே சகலை. கையில் போன். அவன் தன் மிதவைச் சட்டையை எப்போதோ கழற்றிவிட்டான். தெரியும் அவனுக்கு. 'கழட்டு சகலை' என்று ஒரு வார்த்தை. சொன்னால் வாயா தேய்ந்துவிடும்? "இன்னும் கொஞ்சம் சாப்பிடு" என்றான்.

சாயங்காலம் குடும்ப குரூப்பில் வீடியோ. நாற்பத்து மூன்று பேர் இருக்கிற குரூப். அதற்கு அவன் எழுதியது: 'மூழ்கினாலும் பசியோட மூழ்க மாட்டார்.'

எனக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது. அதை மறைப்பானேன்? நல்ல வரிதான்.

ஆனால் மகள் என்னிடம் வந்து, "அப்பா, நாளையிலேர்ந்து சித்தப்பா டேபிள்ல உட்காரட்டுமா? அங்க ஜாலியா இருக்கு" என்றாள். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் பக்கத்து மேஜைக்காரர்கள் என்னைப் பார்த்து விசில் ஊதுவது போல் கை காட்டியதை அவளும் பார்த்திருக்கிறாள்.

"உட்காரும்மா" என்றேன்.

பூனைக்கும் ஒரு காலம் வரும் சகலை.

மார்ச் 9, திங்கள்

அவனை நீச்சல் குளத்தில் தள்ளிவிடலாமா? நீச்சல் தெரியும் அவனுக்கு. பாராட்டு வாங்கிவிடுவான்.

அவன் ஷாம்பு குப்பியில் ஏதாவது ஊற்றலாமா? மச்சினியும் அதைத்தான் போடுகிறாள்.

பழிவாங்கவும் ஒரு படிப்பு வேண்டும்போல. நான் பத்தாவதோடு நிறுத்திவிட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

இன்று தீவு. கடற்கரை. காலை எட்டுக்கு இறங்கி நாலரைக்குள் கப்பலில் ஏறிவிட வேண்டும். ஐந்துக்குக் கிளம்பிவிடும்.

இறங்கும் வாசலில் ஒரு பலகை. அறிவிப்புப் பலகையை முழுக்கப் படிக்கிற ஆள் நான் ஒருவன்தான். லிஃப்டுக்குள் 'எத்தனை பேர், எத்தனை கிலோ' என்று எழுதி ஒட்டுவதே என் பிழைப்பு. அதில் இப்படி இருந்தது: தீவு நேரம் ஒரு மணி நேரம் பின்னால். நாலரை என்பது கப்பல் நேரம். கடிகாரத்தை மாற்றாதீர்கள், போன் தானாக மாறிவிடும், நம்பாதீர்கள். சகலை அந்தப் பலகைக்கு முதுகைக் காட்டி நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். போட்டோவை உடனே அனுப்ப வேண்டும் என்று தீவு சிக்னலுக்குக் காசு வேறு கட்டினான்.

நாங்கள் கடற்கரை ஆட்கள் இல்லை. நான் வேலைக்குப் போகிற ஷூவில் போயிருந்தேன், கயிறு கட்டினது. பத்து அடி நடப்பதற்குள் ஒவ்வொரு ஷூவிலும் அரைப்படி மணல். மனைவி குடை, கைப்பை, கைப்பைக்குள் இன்னொரு பை. சாய்வு நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க மணல். விட்டுவிட்டாள்.

"இப்ப என்ன பண்ணணும்?"

"பார்க்கணும்."

"என்னத்தை?"

"கடலை."

"அதைத்தான் ரெண்டு நாளா கப்பல்லேர்ந்து பார்க்கிறோமே. அதே தண்ணிதானே?"

உற்றுப் பார்த்தேன். அதே தண்ணிதான்.

கடைசியில் கழிவறைக்கு வெளியே, சுவரோரமாக நிழலில் ஒரு பெஞ்சு கிடைத்தது. கடலுக்கு முதுகு. இருவருக்கும் முகத்தில் அப்போதுதான் ரத்தம் வந்தது. வருகிறவர்கள் எல்லாம் எங்களைக் கழிவறைக் காவலாளி என்று நினைத்து ஏதோ கேட்டார்கள். நாலாவது ஆளிலிருந்து நானே சொல்ல ஆரம்பித்துவிட்டேன்: "ரெண்டாவது கதவு காலி." வேலை கிடைத்ததும் பொழுது போனது.

சகலை நீந்தினான். வாழைப்பழம் மாதிரி ஒரு ரப்பர் படகில் உட்கார்ந்து கத்தினான். மகளும் கத்தினாள். அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். சொல்லியாக வேண்டும்.

மூன்றரைக்கு மச்சினிக்கு வெயிலில் தோள் எரிந்தது. பெண்கள் மூவரும் கப்பலுக்குத் திரும்பலாம் என்றார்கள். துறைமுகத்துக்கு வண்டியில் இருபது நிமிஷம். சகலையைக் கூப்பிட நான் போனேன். மூன்றாவது வரிசை, பச்சைக் குடை. குப்புறப் படுத்திருந்தான்.

"கிளம்பலாமா?" என்றேன்.

போனைத் தூக்கிப் பார்த்தான். "ரெண்டரைதான்யா ஆகுது. இன்னும் ரெண்டு மணி நேரம் கிடக்கு. நான் ஒரு தூக்கம் போட்டு அடுத்த வண்டில வரேன்."

என் கைக்கடிகாரத்தில் மூன்றரை. வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்.

"நீ போ. உன்னை மாதிரி ஆளுங்க முன்னாடியே போய் வரிசைல நின்னாத்தான் நிம்மதி. போய் அந்த ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கிட்டு உட்காரு" என்றான். கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

திறந்த வாய் அப்படியே நின்றது. உள்ளே ஒரு சுவிட்ச் விழுந்த மாதிரி.

"சரி சகலை. நல்லா தூங்கு" என்றேன்.

வண்டியில் மச்சினி கேட்டாள்: "அவரு எங்க, அத்தான்?"

"தூங்கறார்மா. அடுத்த வண்டில வரேன்னு சொன்னார்."

இதில் ஒரு சொட்டுப் பொய் உண்டா? இல்லை. அதுதான் இதன் அழகு.

நாலு முப்பத்தைந்துக்கு ஒரு பெண் ஆபீசர் கையில் பட்டியலோடு வந்தாள். ஒருவர் ஏறவில்லை, எங்கே இருப்பார் என்று தெரியுமா? அது எனக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு. மூன்றாவது வரிசை, பச்சைக் குடை. ஒரு போன் போட்டால் எழுப்பிவிடுவார்கள். மச்சினி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"வந்துக்கிட்டிருப்பார்னு நினைக்கிறேன்" என்றேன்.

அறைப் பெட்டகத்திலிருந்து அவன் பாஸ்போர்ட்டை எடுத்து, கரையில் கொடுத்துவிடுகிறோம் என்று வாங்கிப் போனார்கள். நான் நேராக மேல்தளத்துக்குப் போனேன். கம்பியோரம், கப்பலில் ஏறும் பாலத்துக்கு நேரே, நல்ல இடம்.

ஐந்து மணி. கயிறு அவிழ்த்தாயிற்று. கப்பல் சங்கு ஊதியது. அப்போது துறைமுக வாசலில் ஒரு வண்டி நின்றது. சகலை சாவகாசமாக இறங்கினான். கப்பலைப் பார்த்தான். போனைப் பார்த்தான். மறுபடி கப்பலைப் பார்த்தான். பிறகு ஓடினான் பாருங்கள், ஒரு கையில் பை, ஒரு கையில் நழுவுகிற அரைக்கால்சட்டை! தளத்தில் இருந்த நூறு பேரும் கைதட்டினார்கள், விசில் அடித்தார்கள், 'ஓடு, ஓடு' என்றார்கள். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே தண்ணீர் ஒரு முழம், ஒரு ஆள் உயரம், ஒரு தெரு அகலம். அவன் நின்றான். முழங்காலைப் பிடித்துக் குனிந்தான். நிமிர்ந்து கப்பலின் பதினோரு மாடியையும் அண்ணாந்து பார்த்தான்.

எல்லாம் என் போனில் இருக்கிறது. நாற்பது விநாடி. முகத்தைக் கிட்டே இழுத்தும் எடுத்திருக்கிறேன். குரூப்பில் போட வரியும் தயார்: 'நீச்சல் தெரிஞ்சவர், நீந்தியே வந்துடுவார்.'

பக்கத்தில் மச்சினி "ஏங்க! ஏங்க!" என்று கத்தினது வீடியோவில் விழுந்திருக்கிறது. அது ஒன்றுதான் இடைஞ்சல்.

அனுப்ப விரல் வைக்கப் போகும்போது மனைவி பின்னால் நின்றாள்.

"அவன் எப்ப வருவான், எந்தப் பக்கமா ஓடி வருவான்னு அளந்து வெச்ச மாதிரி நிக்கறீங்களே?"

"காத்து வாங்க வந்தேன்."

"போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டா?"

மேற்கொண்டு அவள் கேட்கவில்லை. அவள் கேட்காவிட்டால் தெரிந்துகொண்டாள் என்று அர்த்தம். வீடியோவைப் போட்டால் நாற்பத்து மூன்று பேரும் இதே கேள்வியைக் கேட்பார்கள். எனக்கு வாய்த்த ஆயுதம், பிடியும் கூராக இருக்கிறது.

மார்ச் 11, புதன்

படுத்ததும் தூங்கிவிட்டேன். மனசாட்சி வந்து கதவைத் தட்டும் என்று காத்திருந்ததில் இரண்டு தட்டு காலை உணவு கூடுதலாக உள்ளே போனது.

சகலையிடமிருந்து மச்சினிக்குச் செய்தி. ஏதோ சின்ன அறையில் தங்கினானாம். வெள்ளிக்கிழமை அடுத்த துறைமுகத்துக்கு விமானத்தில் வருகிறானாம். அரைக்கால்சட்டையோடு விமானம்! நினைத்து நினைத்துச் சிரித்தேன், குளியலறையில், தண்ணீரைத் திறந்துவிட்டு.

மகள் சிரிக்கவில்லை. "பாவம்ப்பா சித்தப்பா" என்றாள். என்னை எடுத்த வீடியோவுக்கு நீ 'பாவம்ப்பா' சொன்னாயா? கேட்கவில்லை. கேட்டிருக்கணும்.

மார்ச் 12, வியாழன்

மச்சினி இன்று எங்கள் மேஜையில் உட்கார்ந்து ஒரு கதை சொன்னாள். அவள் வேலை செய்கிற பல் ஆஸ்பத்திரியில் ஒருவர் அடுத்தவர் பல்செட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்ட கதை. மூச்சு முட்டச் சிரித்தோம். முடித்துவிட்டுச் சொன்னாள்: "அத்தான், கல்யாணத்துக்கு அப்புறம் இப்பத்தான் ஒரு கதையை நானே ஆரம்பிச்சு நானே முடிச்சிருக்கேன்."

அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, அவருக்கு ராத்திரி போர்வை இருந்திருக்குமா என்றாள்.

ஏன் இப்படி இரண்டையும் சேர்த்துச் சொல்கிறார்கள்?

மார்ச் 13, வெள்ளி

வந்துவிட்டான். மூக்குத் தோல் உரிந்திருக்கிறது. யாரோ கொடுத்த சட்டை, தோளில் இரண்டு அங்குலம் இறக்கம். 'நீ தெரிஞ்சேதான் விட்டுட்டுப் போனே' என்று எல்லோர் முன்னாலும் கேட்பான் என்று எதிர்பார்த்தேன். கேட்டால் என்ன சொல்வது? 'நீயும் தெரிஞ்சேதான் என்னை அந்தச் சட்டையோட சாப்பிட விட்டே' என்று திருப்பிக் கொடுக்க நாலு விதமாகப் பேசிப் பார்த்து வைத்திருந்தேன்.

சாப்பாட்டு மேஜையில் என் மகள்தான் கேட்டாள்: "எப்படி சித்தப்பா விட்டீங்க? கப்பல் நேரம் வேற, தீவு நேரம் வேறன்னு உங்களுக்குத் தெரியாதா?"

சகலை கரண்டியைக் கீழே வைத்தான். என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். மனைவி என்னைப் பார்த்தாள்.

"தெரியாமலா?" என்றான். "எல்லாம் தெரியும். உங்கப்பாகூட வந்து எழுப்பிச் சொன்னாரு, ஒரு மணி நேரம் வித்தியாசம்யா, எழுந்திருன்னு. நான்தான் கேக்கலை. பார்த்துடலாம்னு ஒரு தைரியம். கடைசி நிமிஷத்துல ஓடி ஏறலாம்னு ஒரு த்ரில்!"

மேஜை முழுக்கச் சிரிப்பு. மகள் என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லியும் கேக்கலையாப்பா?" என்றாள். அந்தக் கண்ணில் இருந்த மரியாதையை எதற்காக வாங்கினேன்? செய்யாத காரியத்துக்கு.

படுத்துக்கொண்டு யோசித்ததில் புரிந்தது. மணி பார்க்கத் தெரியாத முட்டாள் என்று பெயர் வாங்குவதைவிட, சொல்லியும் கேட்காத வீரன் என்று வாங்கலாம் என்று முடிவு கட்டிவிட்டான். அதற்கு ஒரு நல்லவன் தேவைப்பட்டது. என்னைப் போட்டுக்கொண்டான். நான் அவனைக் கரையில் விட்டேன், அவன் என்னை நல்லவனாக்கிவிட்டான். எவன் எவனைப் பழிவாங்கினான்?

மனைவி இருட்டில், "நல்லா எழுப்பினீங்க போங்க" என்றாள். திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மார்ச் 14, சனி

மகள் தட்டை எடுத்துக்கொண்டு எங்கள் மேஜைக்கு வந்துவிட்டாள். என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

வீட்டில். இரண்டு வாரமாக எங்கே போனாலும் இதே கதை. சகலை ஓடுகிறான், நான் எழுப்புகிறேன். நேற்று அவன் சொன்னபோது நான் மூன்று தடவை எழுப்பியிருந்தேன். முகத்தில் தண்ணீர் தெளித்தேனாம். சொந்தக்காரர்கள் என் கையைப் பிடித்து, 'நீங்க எவ்வளவு பொறுமைசாலி' என்கிறார்கள். தலையாட்டுகிறேன்.

மத்தியானம் போன் வந்தது. சகலை. குரலைத் தாழ்த்திப் பேசினான், பக்கத்தில் யாரோ தூங்குகிற மாதிரி.

"சகலை, ஒண்ணே ஒண்ணு. யாருக்கும் சொல்ல மாட்டேன். தெரிஞ்சுதானே போனே?"

பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டேன். பொய் சொல்லலாம். இரண்டு வாரமாக அதில்தானே குடியிருக்கிறேன்.

"தெரிஞ்சுதான்."

சண்டைக்கு நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். நிற்கிறேன், நிற்கிறேன், வரவில்லை.

"நானா இருந்தா செருப்பையும் சேர்த்து எடுத்துட்டுப் போயிருப்பேன்" என்றான்.

எனக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. அவனும் சிரித்தான். யார் முதலில் போனை வைத்தது என்று தெரியவில்லை. அந்த நாற்பது விநாடியை நான் அழிக்கவில்லை. அழிக்கவும் மாட்டேன். அவனும் என்னுடையதை வைத்திருப்பான், சந்தேகமே இல்லை.

உள்ளே வந்ததும் மனைவி கேட்டாள்.

"யாரு?"

"சகலை."

"என்னவாம்?"

"ஒண்ணுமில்லை. மணி கேட்டான்."