வெடித்த கைக்கு நல்லெண்ணெய்

கொக்குவில்
04.01.1992

அன்பு மகனுக்கு,

வீட்டுச் சுகத்தைப் பிறகு எழுதுகிறேன். முதலில் உன் கை.

கனடாக் குளிரில் தோல் வெடித்து இரத்தம் கசிகிறது என்று எழுதியிருந்தாய். கொதிக்கக் கொதிக்கக் குளிப்பதை நிறுத்து. அதுதான் தோலைக் காய வைக்கிறது. இளஞ்சூட்டில் குளித்து, ஈரம் உலருமுன் நல்லெண்ணெய் பூசு. படுக்கும்போது கையைத் துணியால் சுற்றிக்கொள்.

உன் கடிதத்தை வாசித்ததும் அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "உந்தக் கடையெண்ணெய் சரிவராது. சாவகச்சேரியிலை செக்கெண்ணெய் இருக்காம், வாங்கிக்கொண்டு வாறன்" என்று புதன்கிழமை விடியச் சைக்கிளில் வெளிக்கிட்டார். திரும்பும் வழியில் பொம்மர் விமானம் வந்து சுற்றியது. சைக்கிளை அயலவர்கள்தான் உருட்டி வந்தார்கள். போத்தலில் ஒரு கீறல்கூட இல்லை.

நீ அங்கிருந்து வெளிக்கிடாதே. வழியில் இளம் பிள்ளைகளைப் பிடிக்கிறார்கள். மூத்தவன் செய்யவேண்டியதைத் தம்பி செய்துவிட்டான்.

கனடா வரும் ஞானாம்பிகை மாமியிடம் போத்தலைக் கொடுத்திருக்கிறேன். அது முன்னரே வந்து சேர்ந்தாலும் திறக்காதே. முப்பத்தோராம் நாள் கிரியை முடியுமட்டும் நாங்கள் எண்ணெய் தொடக்கூடாது. அதுவரை கை வெடித்தபடியே இருக்கட்டும், ராசா.

இப்படிக்கு,
உன் அம்மா