ஐந்து பேர் கூடிய மேல்சபை

பார்க் எக்ஸ்டென்ஷன், மொன்றியல்
கார்த்திகை 11

அன்புள்ள மருமகள் மேனுகாவுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. டப்ளின் மழை உன்னையும் வயிற்றுப் பிள்ளையையும் நனைக்காமல் இருக்கப் பிள்ளையாரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். இங்கே முதல் பனி கொட்டிவிட்டது. என் முழங்கால் அதை நேற்றே அறிவித்தது. வானொலிக்காரனுக்கு இன்றுதான் தெரிந்தது.

நூலகத்தில் தேடி நீ எழுதி அனுப்பிய அயர்லாந்து மேல்சபைக் கதை, நாலு தாளும் கிடைத்தது. முக்கால்வாசி எனக்கு முன்பே தெரிந்ததுதான். எங்கள் ஊர்ச் சங்கத்தின் போஷகர் சபையும் ஒரு மேல்சபைதானே. மூத்தவர்கள் ஐந்து பேர், மாதத்தின் முதல் ஞாயிறு மூன்று மணிக்குக் கூடுவோம். நிர்வாகத்துப் பிள்ளைகளின் முடிவு பிடிக்காவிட்டால் மூன்று மாதம் நிறுத்திவைக்கலாம் என்று சங்கத்தின் யாப்பு விதிகளில் எழுதியவன் நான். அங்கேயும் தொண்ணூறு நாள் என்று நீ எழுதியதைப் பார்த்ததும், யாரோ என் யாப்பை அயர்லாந்துக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது.

அந்தச் சபையைத்தான் ஒழிக்க வேண்டும் என்று பிள்ளைகள் பிரேரணை கொண்டுவந்தார்கள். அதையும் மூன்று மாதம் நிறுத்தினேன். தவணை முடிந்து, போன ஞாயிறு பொதுக்கூட்டம். முந்நூறு பேர் வந்திருந்தார்கள். கதிரை அறுபதுதான் போட்டிருந்தது. மற்றவர்கள் மரியாதைக்காக நின்றிருப்பார்கள்.

உன் கடைசித் தாளை வைத்துப் பேசினேன். 1936இல் மூடிய மேல்சபையை அடுத்த வருடமே புது அரசியல் யாப்பில் எழுதித் திரும்ப அழைத்தார்கள், 2013இல் ஒழிக்கட்டுமா என்று கேட்டபோது சனம் இருக்கட்டும் என்றது என்று சொன்னேன். கைதட்டலில் ஒரு மின்குமிழ் அணைந்தே போனது.

பிறகு செயலாளர் சாருஜா எழும்பினாள். நல்ல பிள்ளை. "அங்கிள், குறை நினையாதேங்கோ, ஒண்டு வாசிக்கிறன்" என்று, நான் எழுதிய கூட்டக் குறிப்பை எடுத்தாள். வைகாசி: ஐவரும் சமுகமளித்தனர், அருளம்பலம் நன்றியுரை ஆற்றினார். அருளம்பலம் அண்ணை மாசியிலேயே காலமாகிவிட்டார். ஆனி: விமலநாதன் அரைமணி நேரம் ஆவேசமாகப் பேசினார். பாரிசவாதம் வந்து அவருடைய பேச்சு நின்று இரண்டு வருடம்.

"அங்கிள், அப்ப ஆர் கூடினது?" என்று மெதுவாகத்தான் கேட்டாள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

உனக்குச் சொல்கிறேன். கிறிஸ்தோப்பரும் போய்ச் சேர்ந்துவிட்டார். பேரின்பநாதன் மகனோடு ரொறன்ரோவில். ஒவ்வொரு முதல் ஞாயிறும் நான் மெற்றோ ஏறி லொங்குய்ய் போய், முதியோர் இல்லத்தில் விமலநாதனின் கட்டிலடியில் இருந்து நிர்வாகத்தின் முடிவுகளை வாசிப்பேன். கண்ணை மூடினால் சம்மதம், கையை நசித்தால் எதிர்ப்பு. ஆனியில் அரைமணி நேரம் கையை விடவேயில்லை. அதை வேறெப்படி எழுதுவது, சொல்லு?

வாக்கெடுப்பு வந்தது. ஒழிக்கச் சம்மதமானவர்கள் கை உயர்த்தலாம் என்றார்கள். பிரேரணை கொண்டுவந்த பிள்ளைகளே கையை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார்கள். உன் முதலாம் தாள் ஞாபகம் வந்தது, 1800இல் பழைய பிரபுக்கள் சபை தன்னை மூடும் சட்டத்துக்குத் தானே வாக்களித்தது என்று. இரண்டாம் தாளும் வந்தது, 1921இல் அறுபத்து நாலு பேர் சபைக்குப் பதினைந்து பேர்தான் வந்தார்கள் என்று. அவர்களுக்குப் பதினைந்து பேராவது இருந்தார்கள்.

முதலில் உயர்ந்த கை என்னுடையது. பிறகுதான் மற்றவை. மண்டபமே அழுதது என்று அம்மாவிடம் சொல்லு. சாருஜா அழுதது உண்மை.

களைப்பாக இருக்கிறது, பிள்ளை. ஆனாலும் அடுத்த முதல் ஞாயிறு லொங்குய்ய் போகத்தான் வேண்டும். விமலநாதனுக்குச் செய்தி இன்னும் சொல்லவில்லை. வெறும் கையோடு போய் எதை வாசிப்பது?

ஆகையால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் முடிவெடுக்க வேண்டியது எதுவானாலும், திரைச்சீலையின் நிறமானாலும் பரவாயில்லை, ஒரு தாளில் எழுதி மாதம் முடியமுன் அனுப்பிவிடு. நாங்கள் இருவரும் கலந்து பேசி, பிடிக்காவிட்டால் மூன்று மாதம் நிறுத்திவைப்போம். பிள்ளைக்குப் பார்த்திருக்கும் பெயரையும் எழுது. அதை மட்டும் நிறுத்தமாட்டோம்.

சுகமாகப் பெற்றெடு, அம்மா.

இப்படிக்கு,
உன் மாமா
க. சிவானந்தம்
போஷகர்