புரட்டாசிச் சனியில் குடித்த சாறு

இன்று காலை அஜின்கோர்ட் மரக்கறிக் கடை வாசலில் கறுத்த திராட்சைப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெட்டி நசிந்து சாறு கசிய, அந்த வாசம் எழும்பியது. கையிலெடுத்த கத்தரிக்காயைத் திரும்ப வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். பின்னேரம் உம்முடைய மகள் வருவதாகச் சொல்லியிருந்தாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

போன புரட்டாசியில் சிநேகிதிகள் நாம் இருவரும் மேற்கே பறந்து, பெயர் சொன்னாலும் ஒருவருக்கும் தெரியாத அந்த மலைப் பள்ளத்தாக்குக்குப் போனோம். "வைன் தோட்டம் எண்டால் எல்லாரும் நயாகராவுக்கு ஓடீனம். நாங்கள் ஆளில்லாத இடமாப் பாப்பம்" என்று நீர்தான் இழுத்துக்கொண்டு போனீர். அறுவடை நேரம். மலைச்சரிவில் ஆட்கள் குனிந்து குலைகளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். நீரும் ஒரு கத்தரியை வாங்கி வெட்டத் தொடங்கினீர். உமக்கு மூச்சு வாங்கியது. சொன்னால் கேட்கிற ஆளா நீர்?

தோட்டக்காரர் வைன் நீட்டினார். அன்று சனிக்கிழமை. நீர் மறுத்துவிட்டு, இன்னும் புளிக்காத சாறு இருக்கிறதா என்று கேட்டீர். சனீஸ்வரனையும் விரதத்தையும் அவருக்கு ஆங்கிலத்தில் விளக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. மனிதர் சிரித்துக்கொண்டே பிழிந்த சாற்றில் ஒரு கோப்பை பிடித்துத் தந்தார்.

அதைக் குடித்துவிட்டுத்தான் சொன்னீர். "கீமோ இனி வேண்டாம் எண்டு டொக்டரிட்டைச் சொல்லிப்போட்டன். மகளிட்டை நானே சொல்லுவன். நீர் வாய் திறக்கக்கூடாது."

எனக்குக் கோபம் வந்தது. "ஆயுளுக்கெண்டு விரதம் பிடிக்கிறீர், மருந்தை விடுறீரோ?"

"விரதம் கீமோ மாதிரிச் சத்தி எடுக்க வைக்கிறேல்லையே" என்று சிரித்தீர்.

தை பிறக்க முதலே போய்விட்டீர். மகளிடம் சொன்னீரா என்பது எனக்குத் தெரியாமலே போயிற்று.

பின்னேரம் அவள் வந்தாள். தேத்தண்ணீர் ஆறும்வரை குளிரைப் பற்றியே பேசினோம். பிறகு அவளே கேட்டாள். "அன்ரி, அம்மா கீமோவை நிப்பாட்டினதை உங்களுக்குச் சொன்னவவோ?"

"ஓம்."

"எனக்குச் சொல்லேல்லை. ஆனா அப்பொயின்மென்ற் கான்சல் எண்டு வீட்டுக்குக் கோல் வந்தது, அப்பவே தெரியும். அம்மா தானாச் சொல்லட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

ஒரே வீட்டில், நீர் சொல்லப் பயந்தும் அவள் கேட்கப் பயந்தும் கடைசிவரை இருந்திருக்கிறீர்கள். அவள் போய் வெகுநேரமாகிவிட்டது. நான் இன்னும் குசினிக்கும் ஹோலுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். அவளுக்குத் தெரியும் என்பதை இப்போது நான் யாரிடம் போய்ச் சொல்வது? அது தெரியவேண்டியிருந்தது உமக்கு மட்டும்தான்.