விளக்கின் மேல் கவிழ்த்த வாளி

மாம்புரி,
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுதபின்.

என் அன்பு மச்சானுக்கு, உங்கள் மனைவி பளீலா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் ஆடுகளும் சுகம். உங்கள் போன் கடலில் குளிக்கப் போனபடியால் நான் பேனை பிடிக்க வேண்டியதாயிற்று. எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். நான் ஐந்தாம் வகுப்பு, நீங்கள் மூன்று.

நீங்கள் தங்கி மீன் பிடிக்கும் தீவு வாடிக்கு போட்டில் ஐஸ் ஏற்றிவரும் நிஸார் நேற்று வந்து, பிளேன்டீ குடித்துக்கொண்டே ஒரு பகிடி சொன்னான். செவ்வாய்க்கிழமை பிந்திப் புறப்பட்டதில் வழியில் இருட்டிவிட்டதாம். விளக்கில்லாத பாய்த்தோணி ஒன்றை இடிக்கப் பார்த்தானாம், ஒரு முழத்தில் தப்பியதாம். இருட்டுக்குள்ளிருந்து யாரோ, புழுத்த கருவாட்டு மூஞ்சி என்று ஏசினானாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தான். நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அந்த ஏச்சை இருபத்திரண்டு வருஷமாக நான் ஒரே வாயிலிருந்துதான் கேட்கிறேன்.

அது என்ட மனுஷன் என்றேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டான். ராத்தா, சத்தியமா எனக்குத் தண்ணி மட்டும்தான் தெரிஞ்சிச்சு என்றான்.

மீன் படும் இடத்தை மற்றவன் கண்டுவிடுவான் என்று விளக்கின் மேல் வாளியைக் கவிழ்த்து வைக்கிறீர்கள். வாடியில் எல்லோருக்கும் இதே புத்திதான். போன மாதம் யாகப்பு அண்ணனும் அப்படித்தான் மூடி வைத்தார். இருட்டில் ஏதோ போட் இடித்ததாம், அவருடைய வாளி மட்டும் கரைக்கு வந்தது. விளக்கு அதற்குள்ளேயே சிக்கியிருந்தது, கண்ணாடிகூட உடையவில்லை. அவரைத்தான் இன்னும் தேடுகிறார்கள். அந்த இடத்தில் மீன் இருந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை.

நிஸார் பெரிய எஞ்சின் பூட்டியிருக்கிறான். பகலில் ஐஸ் கரைகிறதாம், நாளை மட்டும் பகலில், பிறகு இரவில்தான் வருவானாம். அவன் கவனமாக ஓட்டுவான். மற்ற போட்காரர் எல்லோரும் என் பிளேன்டீ குடித்தவர்களா? திங்கட்கிழமைக்கு நிலவும் இருக்காது.

எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் கிடைக்காத நாளில் நீங்கள் கட்டிய பாய், சாமான் மூடும் கறுப்புப் படங்கு. இருட்டுக்கு இருட்டையே உடுத்தி வைத்திருக்கிறீர்கள். அதனால் வெள்ளைத் துணி வாங்கி அகலப் பட்டிகளாக வெட்டி நிஸாரிடம் கொடுத்தனுப்புகிறேன். பாயின் இரண்டு பக்கமும் தையுங்கள், ஊசி நூல் உள்ளே இருக்கிறது. ரோட்டு வேலைக்காரரின் சட்டையில் வெட்டிய மினுங்கும் பட்டியைப் பாய்மரத்தில் சுற்றுங்கள். விளக்கை உயரத்தில் கட்டுங்கள். எஞ்சின் சத்தம் கேட்டால் டோர்ச்சை வருகிறவன் கண்ணில் அடிக்காமல் உங்கள் பாயில் அடியுங்கள். ஏசுவதைப் பிறகு ஏசலாம்.

துணிக்கடை நானா எத்தனை யார் துணி வெட்ட என்று கேட்டார். அளவைச் சொன்னதும் குரலைத் தாழ்த்தி, யார் வீட்டில் மௌத், யாரை அடக்கம் செய்ய என்றார். தோணிக்குப் பெருநாள் உடுப்பு என்று பகிடி விட்டேன். அவர் சிரித்தார். நான் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைப் பட்டிகளாக வெட்டினேன்.

உங்கள் தோணி எல்லோர் கண்ணுக்கும் தெரிய அல்லாஹ் உதவி செய்யட்டும். வாங்கிய துணியில் ஒரு சாண்கூட வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை, மச்சான். முழுவதையும் பாயில் தைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசலைப் பார்த்திருக்கும்
பளீலா