பரிசத்தன்று வாங்கிய தள்ளுபடி

கம்பம்,
மார்கழி 4.

அன்புத் தம்பி விஜயகுமாருக்கு,

அக்கா ராமுத்தாய் எழுதுவது. இங்கே உன் மச்சான், உன் மருமகள் அனுசுயா, நான் மூன்று பேரும் சுகம். சிங்கப்பூரில் நீயும் உமாதேவியும் சுகமாகத்தான் இருப்பீர்கள். அதற்கு ஒரு குறைச்சலும் இல்லை என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரிந்துபோயிற்று.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நான் அனுப்புகிற வாய்ஸ் மெசேஜை நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று உன் பொண்டாட்டியே ஒரு நாள் சொல்லிச் சிரித்தாள். கூப்பிட்டுத் திட்டினால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் அந்த வேலையெல்லாம் நடக்காது. உட்கார்ந்து முழுசாகப் படி.

போன வாரம் ஒரு சேதி அனுப்பியிருந்தாயே, அதில் இருந்து ஆரம்பிக்கிறேன். மாசி மாதம் நாம் நாலு பேரும் போவதாக இருந்த கப்பல் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு மறுபடி புதிதாகப் போட்டிருக்கிறாய், அதில் நல்ல தள்ளுபடி, கடல் பார்த்த பால்கனி ரூம், கப்பலில் செலவழிக்க அவர்களே கொஞ்சம் காசும் தருகிறார்கள், தேதி மட்டும் தையில் வருகிறது என்று சொல்லியிருந்தாய். நானும் மகராசன், அக்காளுக்காக எவ்வளவு மெனக்கெடுகிறான் என்று ரெண்டு வீடு தள்ளி இருக்கிறவர்களிடம்கூடச் சொல்லிக்கொண்டேன். என்னைச் சொல்லணும்!

நீ அனுப்பிய டிக்கெட் காகிதத்தைப் பிரிண்ட் எடுக்க பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். நம்ம பங்காளி பால்பாண்டி அண்ணன் மகள் சிம்ரன்தான் அங்கே வேலை பார்க்கிறாள். அவள் தேதியைப் படித்துச் சொன்னதும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன். தை பதினாலு சாயங்காலம் சிங்கப்பூரில் கப்பல் கிளம்புகிறது. தை பதினஞ்சு காலையில் இங்கே அனுசுயாவுக்கு முகூர்த்தம். ஏலே, வீட்டு வாசலில் பந்தல் போட்டுவிட்டுப் பெற்றவர்கள் கப்பலில் போய்க் காற்று வாங்குவதா? நாங்கள் கிடக்கட்டும். பக்கத்து ரூமில் உன் பேரும் உமா பேரும் இருக்கிறது. தாய்மாமன் நடுக்கடலில் இருந்தால் பெண்ணை யார் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டி வருவது?

கல்யாணத் தேதி தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதே. அனுசுயாவுக்குப் பரிசம் போட்டு நிச்சயம் பண்ணிய அன்று ராத்திரியே உனக்கு வாய்ஸ் அனுப்பினேன். நீ கட்டை விரலைத் தூக்கிக் காட்டியிருந்தாய். கேட்காமலேயே விரலைக் காட்டினாயா?

இதோடு விட்டிருந்தால்கூட, அவசரத்தில் தேதியைக் கவனிக்கவில்லை, போகிறது என்று இருந்திருப்பேன். அந்தப் பிள்ளை சிம்ரன் விகல்பம் இல்லாமல் இன்னொன்றும் சொன்னாள். இந்தத் தள்ளுபடி வெளியே யாருக்கும் கிடைக்காதாம். கப்பலில் ஏறியிருக்கிறவர்களுக்கு மட்டும்தானாம். அங்கேயே ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்களாம், ஏற்கெனவே போட்ட டிக்கெட்டைக்கூட ரத்து செய்து அங்கேயே திரும்பப் போட்டால் சலுகை உண்டாம். காகிதத்தில் டிக்கெட் போட்ட தேதியைக் காட்டி, சித்தப்பா அன்னைக்குக் கப்பல்லயா இருந்தாக அத்தை என்று கேட்டாள். நான் தேதியைப் பார்த்தேன். பரிசம் போட்ட ஞாயிற்றுக்கிழமை. ஆமாத்தா, ஆபீஸ் வேலையாப் போயிருந்தாக என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் கால் மணி நேரம் எந்த பஸ்ஸில் ஏறுவது என்றே தெரியவில்லை.

மறுநாள் அல்லிநகரத்துக்கு உன் மாமியாருக்குப் போன் போட்டேன். ஒன்றும் கேட்கவில்லை, உடம்பு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டேன். அவர்களே எல்லாவற்றையும் சொன்னார்கள். உன் மாமனாருக்கு அறுபது முடிந்ததற்கு மருமகன் கப்பலில் கூட்டிப் போனாராம், சாப்பாடு மட்டும் எத்தனை வகையாம், வயிறே கொள்ளவில்லையாம். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

உன் மாமனாரைக் கூட்டிப் போனதை நான் குத்தம் சொல்லவில்லை. தாராளமாகக் கூட்டிப் போ. மனுசர் உழைத்துக் களைத்தவர். ஆனால் பரிசத்துக்குக் கூப்பிட்டபோது எனக்கு என்ன சொன்னாய்? லீவு தர மாட்டேன் என்கிறார்கள் அக்கா, கையெடுத்துக் கும்பிட்டும் பார்த்துவிட்டேன் என்றாய். அதை நம்பினேனே, அதுதான் ஆறவில்லை.

அன்றைக்கு இங்கே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. கூடலூரில் இருந்து மாப்பிள்ளை வீட்டார் ரெண்டு வேன் நிறைய வந்தார்கள். தட்டு மாற்ற ஜமுக்காளத்தில் உட்கார்ந்ததும் சம்பந்தி அய்யாத்துரை முதலில் கேட்டது, தாய்மாமன் எங்கன என்றுதான். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவனுக்கு லீவு கிடைக்கவில்லை, போனில் அழுதுவிட்டான் என்றேன். நீ அழவில்லை. அழுததாக நானே சேர்த்துச் சொன்னேன், உன்னை யாரும் குறைவாக நினைத்துவிடக் கூடாது என்று. அந்த மனுசரும், பாவம், வெளிநாட்டுப் பிழைப்பு அப்படித்தான் என்று இரக்கப்பட்டார். உன் இடத்தில் பால்பாண்டி அண்ணன் உட்கார்ந்து தட்டை வாங்கினார். அனுசுயா ஒருதரம் வாசலைப் பார்த்தாள். கடைசி நேரத்தில் நீ வந்து இறங்கிவிடுவாய் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. அந்த நேரத்தில் நீ மேசை முன்னால் நின்று பால்கனி ரூம் பேசிக்கொண்டிருந்திருக்கிறாய்.

அக்காளுக்கு நல்லது செய்யத்தான் பேசினாய். அதுவும் எனக்குப் புரிகிறது. அதனால்தான் கோபம் இரண்டாகிறது. பால்கனி ரூமை யார் கேட்டது? நான் கேட்டது உன்னை ஒரு நாள்.

உன் மச்சான் விஷயத்துக்கு வருகிறேன். திராட்சைத் தோட்டத்தில் பழவெட்டு பொங்கலோடு முடிகிற மாதிரி பார்த்துத்தான் இந்தத் தடவை கொடியை வெட்டிக் கவாத்தே பண்ணினார். கல்யாணத்தையும் முடித்துவிட்டு, மாசியில் மச்சினனோடு கப்பல் ஏறணும் என்று அவருக்கு அவ்வளவு ஆசை. காய்ச்சல் வந்தால்கூடத் தோட்டத்தை விடாத மனுசர், கடலில் வாந்தி வருமா என்று மருந்துக்கடையில் போய் விசாரித்திருக்கிறார். தேதி மாறியதை அவரிடம் சொன்னேன். கப்பல்காரன் தப்பாகப் போட்டுவிட்டான், தம்பி சரி பண்ணிவிடுவான் என்று சொன்னேன். பரிசத்தன்று நீ இருந்த இடத்தை அவரிடமும் சொல்லவில்லை, அனுசுயாவிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர் உன் முகத்தில் விழிக்க மாட்டார். கூடலூர்க்காரர்களிடம் தெரியாமல் பொய் சொன்னேன். என் வீட்டுக்காரரிடம் தெரிந்தே சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த வயதில் எனக்கு இது தேவையா, நீயே சொல்.

அதனால் அந்தத் தை மாதக் கப்பலை ரத்து செய். தள்ளுபடி போனால் போகட்டும், பால்கனியும் போகட்டும். மாசியில் பழைய ரூம் கிடைத்தால் வருகிறோம். கிடைக்காவிட்டால் நான் வீட்டு மாடியில் நின்று மலையைப் பார்த்துக்கொள்கிறேன்.

பத்திரிகை அடித்து வந்துவிட்டது. தாய்மாமன் என்று உன் பேரும் உமா பேரும் முன்பக்கத்திலேயே இருக்கிறது. அனுசுயா தன் சம்பளத்தில் உனக்கு ஒரு பட்டுச் சட்டை எடுக்கணும் என்று ஞாயிற்றுக்கிழமை தேனிக்குப் போகிறாள். மாமாவுக்கு என்ன அளவு என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எனக்குத் தெரிந்த அளவு நீ ஊரை விட்டுப் போனபோது இருந்தது. அதைச் சொல்ல மனசு வரவில்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்று தள்ளிப்போட்டு வைத்திருக்கிறேன்.

உமாதேவியிடம் நான் கோபித்ததாகச் சொல்லாதே. அவள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. வீரபாண்டி கௌமாரியம்மன் உங்கள் ரெண்டு பேரையும் நோய் நொடி இல்லாமல் காப்பாற்றட்டும்.

மன்னிப்பு கின்னிப்பு என்று பெரிதாக எதுவும் எழுத வேண்டாம். சட்டை அளவை மட்டும் அனுப்பு.

உன் மேல் கோபம் தீராத அக்கா,
ராமுத்தாய்