வெர்பினாப் பைக்குள் பொடுதலை

இன்று காலை முனியம்மா ஒரு களையைப் பிடுங்கி என் காலடியில் வீசினாள். அவள் மேல் தவறில்லை. சந்தாபுராவில் நான் நர்சரி வைத்த நாளிலிருந்து நாற்றுப் பைகளில் களை எடுப்பதுதான் அவள் வேலை. விழுந்த கொடியில் தீக்குச்சி முனை அளவுக்கு ஒரு பூ இருந்தது. நடுவில் கருஞ்சிவப்புக் குமிழ், அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம். அந்தப் பூவை நான் கடைசியாகப் பார்த்தது உன்னோடு ஏரிக்கரையில் நின்றபோது.

"இதை மட்டும் விட்டுடு. மத்த களையெல்லாம் எடு" என்றேன்.

"என்னாண்ணா, களையப் போயி கொஞ்சிக்கினு நிக்கிறீங்க? வெயில் தலைக்கு ஏறிடுச்சா?"

அவளிடம் என்னத்தைச் சொல்வது? உன்னிடம்தான் சொல்ல வேண்டும். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. நீ இருந்தபோது வராத வாய் இப்போது வருகிறது பார், வெட்கங்கெட்ட வாய்.

முதல் நாள் நீ என் நர்சரிக்கு வந்தது செடி வாங்க இல்லை, என்னைக் கேவலப்படுத்த. ரிச்சர்ட்ஸ் டவுனில் பிறந்து, ஏதோ அலுவலகத்தில் முப்பது வருடம் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்று, மகள் வீட்டோடு இருக்க எங்கள் ஏரியோரத்து அபார்ட்மென்டுக்கு வந்து சேர்ந்த புதிது. தலையில் தொப்பி, தோளில் துணிப்பை, மூக்கின் நுனியில் கண்ணாடி. யாரடா இந்தப் பெரிய மனுஷன் என்று பார்த்தேன்.

"இந்த ஊர்ச் செடி ஏதாவது வச்சிருக்கியா மேன்?"

நான் தொட்டியில் இருந்த மஞ்சள் உண்ணிச்செடியைக் காட்டினேன். "இது நம்ம ஊர்தான் சார். பன்னேருகட்டாக் காட்டுல பூரா இதுதான் கிடக்கு."

நீ சிரித்த சிரிப்புக்கு முனியம்மா பூவாளியை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "காட்டுல கிடந்தா காட்டோடது ஆயிடுமா? வெள்ளைக்காரன் தோட்டத்து அழகுக்குன்னு கப்பல்ல கொண்டாந்தது மேன் அது. அமெரிக்காக் கண்டத்துச் செடி. காட்டுக்குள்ள புகுந்து புல்லைக் கூட முளைக்க விடாம அடிச்சிடுச்சு." அப்புறம் என் வரிசைகளுக்கு நடுவே நடந்தாய். வேலிக்கு விற்கும் டுராண்டாவைத் தொட்டு, "இதுவும் அங்கேருந்துதான்" என்றாய். ட்ரேயில் ஊதாவும் சிவப்புமாக நின்ற வெர்பினாவுக்கும் அதே தீர்ப்பு. காம்பவுண்டுச் சுவரோரம் தானாக முளைத்திருந்த நீலப்பூ சீமை நாயுருவியைக்கூட நீ விட்டு வைக்கவில்லை. "நாலும் ஒரே குடும்பம். நாலும் வந்தேறி. அந்தக் குடும்பத்துல இந்த மண்ணோட ஆள் ஒருத்தன் இருக்கான். அவனை உனக்குத் தெரியாது. நீயெல்லாம் நர்சரிக்காரன்!"

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு தொட்டிகூட வாங்காமல் என் இடத்தில் நின்றுகொண்டு என்னையே ஏசுகிறான் ஒரு ஆள். ஆனாலும் மறுநாள் காலை நீ கூப்பிட்டதும் பின்னாலேயே ஏரிக்கு வந்தேன். ஏன் வந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

ஏரியின் தென்மேற்கு மூலையில், தண்ணீர் வற்றி ஈரம் மட்டும் மிஞ்சியிருந்த சரிவில் நிறுத்தினாய். "எங்கே சார் செடி?" என்று சுற்றிப் பார்த்தேன். "குனிஞ்சு பாரு. அது மேலதான் நிக்கிற." பார்த்தால், கால் வைத்த இடமெல்லாம் தரையோடு தரையாக ஒரு கொடி. கணுவுக்குக் கணு வேர் இறக்கி மண்ணைக் கவ்விப் பிடித்திருந்தது. பொடுதலை. அட, எங்கம்மா பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சிய செடி! பெயர் தெரியும், எண்ணெய் வாசம் தெரியும், செடி முகம் தெரியாது. அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. "இது தெரியாதா சார் எனக்கு" என்று மீசையில் மண் ஒட்டாத மாதிரி நின்றேன். நீயும் நம்பியதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு எத்தனை காலை. மூன்று மாதம் நான் 'சார்' போட்டதும், "சார் கீர்ன்னா இனிமே வரமாட்டேன் போ" என்று நீ எரிந்து விழுந்ததும், 'நீ', 'வா' என்று ஆனதும். கரைமேட்டின் காய்ந்த பக்கம் பூரா உண்ணிச்செடி, கட்டட இடிபாடு கொட்டிய இடத்தில் நீலச் சீமை நாயுருவி, ஈரம் நிற்கும் அந்த ஒரு பட்டையில் மட்டும் பொடுதலை. கோடையில் தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க அது இறங்கி வரும். மழையில் முழுகும். தண்ணீர் வடிந்ததும் ஒன்றும் நடக்காதது போலத் தலை தூக்கும். இறக்கையில் கண் வரைந்த ஆரஞ்சு வண்ணத்துப்பூச்சி அதன் இலையில் முட்டை வைப்பதை நீ காட்டினாய். புழுவைப் பார்த்ததும் என் கை பழக்கத்தில் நசுக்கப் போனது. என் மணிக்கட்டில் அடித்தாய். "மருந்தடிக்கிற புத்தி எங்க போகும்!"

பழைய தொழில் உன்னை விடவில்லை. ஏரியை ஒரு பெரிய தாளில் வரைந்து, எந்தச் செடி எங்கே என்று கலர் பென்சிலால் தீட்டி, தாளின் ஓரத்தில் எந்த நிறம் எந்தச் செடி என்று சின்னச் சின்ன எழுத்தில் குறித்து வைத்தாய். பொடுதலைக்குப் பச்சை. ஒவ்வொரு கோடையிலும் அளந்து பார்த்து அழித்து வரைவாய். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. பேரன் பேத்தியைப் பார்த்துக்கொள்ள வந்த மனுஷன் களைக்குப் பட்டா எழுதிக்கொண்டிருக்கிறான் என்று முனியம்மாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அப்புறம் வந்தார்கள் அழகுபடுத்துகிறவர்கள். ஏரியை ஏரியாக விட்டால் தூக்கம் வராத ஜென்மங்கள். சுற்றி நடைபாதை, அதில் ஓட வெள்ளைச் சப்பாத்து, ஓடி முடித்ததும் படம் எடுக்கப் பூ. அபார்ட்மென்ட் சங்கத் தலைவர் கோயம்புத்தூர்க்காரர். நம்மிடம் தமிழில் பேசுவதையே பெரிய உபகாரமாக நினைக்கிறவர். அவர் கூட்டி வந்த ஆலோசகர் அம்மா திரையில் படம் போட்டார். இடுப்பளவு ஊதா வெர்பினா, நடுவே கோணல்மாணலாக ஒரு பாதை, மேலே 'நேட்டிவ் வைல்ட்ஃப்ளவர் ட்ரெயில்' என்று எழுத்து. எந்த நாட்டு நேட்டிவ் என்று கேட்கக் கூட்டத்தில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள். அவர்கள் வீட்டு முருங்கையைக் காட்டினால் வேப்பமரம் என்பார்கள், தட்டட்டும்.

நீ மட்டும் எழுந்தாய். வரைபடத்தை மேசையில் விரித்து, பச்சை தீட்டிய மூலையில் விரலை வைத்தாய். "இந்த ஒரு மூலையை விட்டுடுங்க. நீங்க ஸ்க்ரீன்ல எழுதியிருக்கிற நேட்டிவ் நெஜமாவே இங்கதான் இருக்கு."

"அங்கிள், அது வெறும் களை அங்கிள்" என்றார் தலைவர்.

நீ பின்வரிசையில் இருந்த என்னைத் திரும்பிப் பார்த்தாய். "இவனைக் கேளுங்க. நர்சரிக்காரன். என் கூடவே வந்து பார்த்திருக்கான். சொல்லு மேன், நீங்க நடப்போறது வெளியூருது, இதுதான் இந்த ஊருதுன்னு சொல்லு."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. வெர்பினா ஆர்டர் எனக்கு என்று முந்தின நாளே பேசியாகிவிட்டது உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், தலைவருக்குத் தெரியும். எழுந்து நின்றேன். பேசாமலே உட்கார்ந்திருந்தாலாவது தேவலை. நான் பேசினேன்.

"ரெண்டும் ஒரே குடும்பம்தான் சார்."

பொய் இல்லை. நீயே சொல்லிக் கொடுத்தது. தலைவர் முகம் மலர்ந்துபோய், "பாத்தீங்களா அங்கிள், ரெண்டும் ஒண்ணுதானாம்!" என்றார். நீ என்னைத் திட்டவில்லை. தாளை ஓரம் ஓரமாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனாய். அவர்களை எல்லாம் இவ்வளவு நேரம் தூற்றினேனே, அந்தக் கூட்டத்தில் செடியைத் தெரிந்தும் காட்டிக்கொடுத்தவன் நான் ஒருவன்தான். அவர்களாவது ஒன்றும் தெரியாத முட்டாள்கள். என்னைத் தூவென்று துப்ப அவர்கள் யாரும் போதாது.

அடுத்த வாரம் ஜேசிபி வந்து அந்த மூலையைத் தோண்டியது. அதற்குப் பிறகும் நீ நர்சரி வாசல் வழியாகத்தான் பால் வாங்கப் போவாய். தலையைத் திருப்பமாட்டாய். நானும் வெளியே வராமல் செடிக்குத் தண்ணீர் விடுகிற மாதிரி நடிப்பேன். ஒருநாள் நீ வரவில்லை, நெஞ்சுவலி என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று நான் இழுத்துக்கொண்டிருந்தபோதே முடிந்துவிட்டது.

உன் பழைய மாதா கோயிலில் உனக்காக வைத்த பூசைக்கு வந்து கடைசி பெஞ்சு ஓரமாக நின்றேன். வெளியே வரும்போது உன் மகள் ஒரு உறையைத் தந்தாள். "அப்பா உங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு அங்கிள்." உள்ளே அந்த வரைபடம். தென்மேற்கு மூலையில் பச்சையைச் சுத்தமாக அழித்திருந்தாய். அழித்த இடத்தில் ஊதா. தாளின் ஓரத்தில் ஊதாவுக்கு நேரே உன் சின்ன எழுத்தில், 'என் நண்பன் நட்டது.'

துரோகி என்று எழுதியிருக்கலாமே. அதை நான் தாங்கியிருப்பேன். 'நண்பன்' என்று எழுதிவிட்டுப் போனாய் பார், அதுதான் உன் கெட்ட குணம்.

இனி இன்றைய சங்கதிக்கு வருகிறேன். அன்றைக்குத் தோண்டிய ஏரி மண்ணைக் கொட்ட இடமில்லாமல் காண்ட்ராக்டர் என் நர்சரிக்குப் பின்னால் குவித்துவிட்டுப் போனான். ஒரு வருடமாகக் கிடந்தது. போன மாதம்தான் அதைச் செம்மண்ணோடு கலந்து வெர்பினாப் பைகளில் நிரப்பினோம். வெர்பினா ஏரிக்கரையில் நிலைக்கவில்லை என்று உனக்குச் சொல்லவே வேண்டாம். வெயில் ஏறினால் காய்கிறது, மழை பிடித்தால் அழுகுகிறது. இரண்டு தடவை மாற்றிவிட்டார்கள், இது மூன்றாவது. முனியம்மா வீசிய கொடியைப் பார்த்த பிறகு வரிசை வரிசையாகக் குனிந்து பார்த்தேன். பாதிப் பைகளில் இருந்தது. விதையோ, கணுத்துண்டோ, அந்த மூலையே பைக்குப் பை எழுந்து வந்திருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். முனியம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

மதியம் டெம்போவில் ஏற்றிக்கொண்டு நானே போனேன். அந்த மூலையில் நானே பைகளை இறக்கினேன், பொடுதலை உள்ள பைகளாகப் பொறுக்கி. தலைவர் வெள்ளைச் சப்பாத்தோடு வந்து நின்று ஒரு பையை எட்டிப் பார்த்தார்.

"என்னங்க இது, அடியில என்னமோ களை மாதிரி இருக்கு?"

அவர் முகத்தை நேராகப் பார்த்தேன்.

"ரெண்டும் ஒரே குடும்பம்தான் சார்."

"ஓ, நேட்டிவ்!" என்று தலையாட்டிவிட்டு ஓடப் போனார். உன் சிரிப்பு எனக்குக் கேட்டது. என் கையாலேயே எல்லாவற்றையும் நட்டேன். சொட்டுநீர்க் குழாய் ஒன்று ஒழுகிக்கொண்டிருந்தது. அதன் வாய்க்குக் கீழே நன்றாக ஈரம் பார்த்து ஒன்றை வைத்தேன். கோடையில் வெர்பினா சாகும். அடுத்த ஆர்டரும் எனக்குத்தான் வரும். இந்த முறையும், அதற்கு அடுத்த முறையும் முனியம்மா அந்தக் களையைத் தொடமாட்டாள், சொல்லிவிட்டேன்.

திரும்பி வந்து உன் வரைபடத்தை விரித்தேன். ஊதாவை அழிக்கவில்லை. அது நான் செய்தது, அப்படியே இருக்கட்டும். குழாய் ஒழுகுகிற இடம் எது என்று அளந்து பார்த்து, ஊதாவுக்கு நடுவே பச்சைப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். தாளின் ஓரத்தில் அதற்கு நேரே எதுவும் எழுதவில்லை. யார் நட்டது என்று உனக்குத் தெரியும்.